மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது: புதிய பிளக் போட்டும் மூன்றாம் நாளே பழைய குலுக்கம்

நெடுவழி:

வணக்கம். என்னுடையது 4 சிலிண்டர் பெட்ரோல் கார். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் தனித்தனி இக்னிஷன் காயில் அமர்ந்திருக்கும் அமைப்பு. இதுவரை 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன் ஒரு காலையில், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் வண்டி குலுங்கத் தொடங்கியது. சைலன்சரின் சீரான ஓசைக்கு நடுவே ‘பொத், பொத்’ என்று ஓர் இடறல் கேட்டது. மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இழுவை வராமல் திணறுகிறது. அந்த நேரங்களில் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. சமதரைக்கு வந்ததும் மின்னுவது நின்று நிலையாக எரிகிறது.

வண்டியின் கணினி பதிவு செய்யும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகியதில் பி0303 என்ற குறியீடு கிடைத்தது. மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது தன் முறையில் எரியாமல் தவறுகிறது என்பது அதன் பொருள் என்று அறிந்தேன். பிளக்குகளை மாற்றி நெடுநாளாகிவிட்டதால் நான்கையும் ஒரே நாளில் மாற்றினேன். இரண்டு நாட்கள் வண்டி குறையில்லாமல் ஓடியது. மூன்றாம் நாள் அதே குலுக்கம், அதே குறியீடு. ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்தம் (கணினி தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 12 சதவீதம் கூடுதலாகக் காட்டுவதால், ஆக்சிஜன் சென்சார் கெட்டிருக்குமோ என்ற ஐயமும் இருக்கிறது. நான்கு காயில்களையும் ஆக்சிஜன் சென்சாரையும் சேர்த்து மாற்றிவிடுவதா, அல்லது பழுது எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே உறுதி செய்ய வழி இருக்கிறதா? என்னிடம் ராட்செட், பிளக் சாக்கெட், மல்டிமீட்டர், ஓர் எளிய ஸ்கேனர் ஆகியவை இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கும் பொறுமையும் இருக்கிறது.

திருப்புளி:

இப்போதைக்கு எந்த உதிரிபாகத்தையும் வாங்க வேண்டாம். அதைவிட முக்கியமாக, விளக்கு மின்னும் அளவுக்கு வண்டியை அழுத்தி ஓட்ட வேண்டாம். நிலையாக எரியும் விளக்குக்கும் மின்னும் விளக்குக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மின்னுகிறது என்றால், எரியாத பெட்ரோலும் காற்றும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன, அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் பாளம் உருகக்கூடும் என்று வண்டி எச்சரிக்கிறது. காயிலைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் அது. சோதனைக்குத் தேவையான அளவு மட்டும், மெதுவாக ஓட்டுங்கள்.

பி0303 என்ற குறியீடு எந்தச் சிலிண்டர் என்று சொல்கிறதே தவிர, ஏன் என்று சொல்வதில்லை. 4 சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 180 டிகிரி சுற்றுவதற்கு ஒரு முறை ஏதாவது ஒரு சிலிண்டர் எரிந்து அதை உந்துகிறது. கிராங்க் சென்சாரின் எதிரே சக்கரப் பற்கள் கடந்து போகும் நேரத்தைக் கணினி இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரின் முறை வரும்போது உந்துதல் கிடைக்காமல் கிராங்க் கணநேரம் தளர்ந்தால், அந்தத் தளர்ச்சியைத்தான் அது பி0303 என்று பதிவு செய்கிறது. பொறி விழாததாலா, பெட்ரோல் வராததாலா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) இல்லாததாலா என்பது அதற்குத் தெரியாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, புதிய பிளக் போட்டதும் இரண்டு நாட்கள் நன்றாக ஓடியது என்ற வரி. வால்வு தேய்ந்திருந்தாலோ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்திருந்தாலோ, பிளக் மாற்றியதால் இரண்டு நாள் சரியாகியிருக்காது. ஆகவே காயிலிலிருந்து பிளக்கின் முனை வரை உள்ள பாதையில்தான் எனக்குச் சந்தேகம்.

சோதனை எளியது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டு, மூன்றாவது காயிலை முதல் சிலிண்டருக்கும் முதல் காயிலை மூன்றாவதற்கும் மாற்றிப் பொருத்துங்கள். பிளக்குகளைத் தொட வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பொருள்களை இடம் மாற்றினால், பழுது நகர்ந்தாலும் எதனுடன் நகர்ந்தது என்று தெரியாமல் போய்விடும். குறியீட்டை அழிப்பதற்கு முன், அதனுடன் பதிவாகியிருக்கும் உறைநிலைத் தரவைப் பார்த்து, மிஸ் ஆனபோது இன்ஜினின் ஆர்பிஎம், சுமை, கூலன்ட் வெப்பம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அவையும் போய்விடும். பிறகு அதே நிலைமையில் ஓட்டிப் பாருங்கள். பி0301 வந்தால் பழுது காயிலுடன் நகர்ந்திருக்கிறது என்று பொருள். பி0303 அப்படியே நின்றால் காயில் குற்றமற்றது.

காயிலின் கனெக்டரைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சூட்டில் காய்ந்துபோன பிளாஸ்டிக் பூட்டு எளிதில் உடைந்துவிடும். பூட்டில்லாத கனெக்டர் அதிர்வில் தளர்ந்து, அதுவே புதிதாக ஒரு மிஸ்ஸை உண்டாக்கும். இன்னொன்று, முதல் சிலிண்டர் எந்தப் பக்கம் என்று கையேட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள். பெரும்பாலும் டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம்தான் முதலாவது. நான்கு சிலிண்டரில் தவறான பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது இரண்டாவதாகிவிடும். இந்த ஒரு பிழையால் நல்ல காயிலைக் கழற்றி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாலுருளை:

ஆக்சிஜன் சென்சாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது கெட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சிலிண்டரில் பொறி விழாவிட்டால், அதில் இருந்த காற்று எரியாமல் அப்படியே எக்ஸாஸ்டுக்கு வருகிறது. அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத்தான் சென்சார் உணர்கிறது. கூடவே வரும் எரியாத பெட்ரோல் அதன் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே கலவையில் பெட்ரோல் குறைவு என்று அது தெரிவிக்க, கணினி எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. நீங்கள் பார்க்கும் 12 சதவீதம் மிஸ்ஸின் விளைவாகவே இருக்கலாம். மிஸ்ஸைச் சரி செய்த பிறகும் அந்த எண் இறங்காவிட்டால் மட்டும் அதைத் தனியாகத் தேடுங்கள். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது காற்றுக் கசிவு. இன்டேக் மேனிஃபோல்டில் கசிவு இருந்தால் திருத்தம் ஐடிலிங்கில் மிகுந்தும், 2,500 ஆர்பிஎம் அளவில் பிடித்தால் குறைந்தும் காட்டும். ஏனெனில் த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் கசிவின் வழியாக வரும் காற்று மொத்தக் காற்றில் பெரிய பங்காக இருக்கிறது.

நெடுவழி:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை காயில்களை இடம் மாற்றினேன். இன்று காலை குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து சிறிது தூரம் ஓட்டியதில், எதிர்பாராத விதமாக பி0301, பி0303 ஆகிய இரண்டு குறியீடுகளும் வந்தன. குலுக்கம் முன்பைவிட அதிகமாக இருந்ததால் உடனே வீட்டுக்குத் திருப்பிவிட்டேன். மூன்றாவதிலிருந்து எடுத்த காயில் பழுது என்று வைத்துக்கொண்டால், முதல் சிலிண்டரின் நல்ல காயிலை வாங்கிக்கொண்ட மூன்றாவது ஏன் இன்னமும் மிஸ் ஆகிறது? இன்ஜெக்டரும் சேர்ந்து போய்விட்டதா என்று கவலையாக இருக்கிறது. காயிலின் முதன்மைச் சுற்றை மல்டிமீட்டரால் அளக்க முயன்றேன். நான்கிலும் பொருளுள்ள எண் எதுவும் கிடைக்கவில்லை.

திருப்புளி:

மல்டிமீட்டரைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். மூன்று, நான்கு பின்கள் கொண்ட காயில்களில் பெரும்பாலும் உள்ளேயே மின்சுற்று இருப்பதால் வெளியிலிருந்து சுற்றை அளக்க முடியாது. அளக்க முடிந்த காயில்களிலும், ஆறிய நிலையில் சரியான எண் காட்டுவது சூட்டில் கோளாறு செய்வதுண்டு.

இரண்டு குறியீடுகள் வந்திருப்பது எனக்குக் கவலை தரவில்லை. வழி தெளிவாகிவிட்டது என்றே நினைக்கிறேன். இப்போது மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பொறி விழும் முனையை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மேலே, அறுகோண உலோகப் பகுதிக்கும் நுனி முனையத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பீங்கானை. நல்ல வெளிச்சத்தில், பீங்கானை விரல்களில் மெல்லச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். கூரிய பென்சிலால் மேலிருந்து கீழாக இழுத்ததுபோல் மயிரிழைக் கருங்கோடு ஒன்று தெரிந்தால், அது பொறி கீழே இறங்காமல் பீங்கானின் வெளிப்பக்கமாக வழுக்கி உலோகத்துக்கு ஓடிய தடம். உலோகத்தை ஒட்டினாற்போல் சுற்றிலும் ஒரு பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். உயர்மின்னழுத்தப் புலத்தால் எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டுப் படியும் கறை அது, கெடுதல் செய்யாது. வளையத்தையும் கோட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கோடு இருந்தால், அதே கோடு காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பூட்டின் (பிளக்கின் மேல் போர்த்தும் உறை; கனெக்டரின் பூட்டு அல்ல) உட்சுவரிலும் இருக்கும். டார்ச்சை அடித்துப் பாருங்கள். இந்தப் பழுதின் சிக்கலே அதுதான்: கோடு பிளக்கிலும் பூட்டிலும் இரட்டையாக விழுகிறது, ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது புதியதையும் கெடுத்துவிடும். நீங்கள் புதிய பிளக் போட்டீர்கள். பழைய பூட்டின் கோடு இரண்டே நாளில் புதிய பீங்கானிலும் தடம் பதித்தது. இப்போது காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றியபோது, கோடுள்ள பூட்டு அங்கே போய்விட்டது. கோடுள்ள பிளக் மூன்றாவதிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் இரண்டும் மிஸ் ஆகின்றன என்பது என் ஊகம். கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்; அதற்கு முன் இன்ஜெக்டரைத் தொட வேண்டாம்.

பிளக்கைக் கழற்றும் முன் பிளக் குழியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மணல்துகள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவரில் கோடு போட்டுவிடும். காயிலைக் கையில் வைத்துக்கொண்டு, பொறி வருகிறதா என்று காற்றில் பாயவிட்டுப் பார்க்கும் பழைய முறையை எக்காரணத்தைக் கொண்டும் செய்யாதீர்கள். 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும் மின்னழுத்தம் அது. உங்களுக்கும் ஆபத்து, தரையிறங்க வழி கிடைக்காவிட்டால் காயிலின் உள் காப்பையும் துளைத்துவிடும்.

நெடுவழி:

ஐயா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. மூன்றாவது பிளக்கின் பீங்கானில் ஒரு கோடு. முழுவதும் நேராக இல்லாமல் நடுவில் இரண்டாகப் பிரிந்து, உலோகத்தைத் தொடும் இடத்தில் ஒரு கரும்புள்ளியில் முடிகிறது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தும், நகத்தால் சுரண்டியும் அது போகவில்லை. ரப்பர் பூட்டை வளைத்துப் பார்த்தபோது உட்சுவரில் அதற்கு நேராகச் சாம்பல்நிறத் தடம் தெரிந்தது. முதல் சிலிண்டரின் பிளக்கில் இன்னும் கோடு விழவில்லை.

ஆனால் இன்னொன்றையும் கண்டேன். மூன்றாவது பிளக் குழியின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தது. பிளக்கின் அறுகோணப் பகுதி முக்கால்வாசி மூழ்கியிருந்தது. பூட்டின் கீழ்வாய் மற்ற மூன்றையும்விட உப்பி, தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது. பிளக் மாற்றிய நாளில் அவசரத்தில் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். பூட்டையும் பிளக்கையும் மட்டும் மாற்றினால் போதுமா?

நாலுருளை:

போதாது, எண்ணெய்தான் மூலம். வால்வ் கவருக்கும் பிளக் குழாய்க்கும் நடுவே இருக்கும் ரப்பர் சீல் இறுகிப்போய்விட்டது. அதன் வழியாக இறங்கும் எண்ணெய் பூட்டை ஊறவைத்து உப்பச் செய்கிறது. உப்பிய பூட்டு பீங்கானை இறுகப் பற்றாமல் இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளியில்தான் பொறி வெளியே வழுக்குகிறது. சீலை மாற்றாமல் விட்டால் சில மாதங்களில் இதே பழுது திரும்பும்.

வால்வ் கவரைத் திறப்பது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். முதலில் குழியில் தேங்கிய எண்ணெயைச் சுருட்டிய துணியாலோ சிரிஞ்சாலோ முழுவதும் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கவரின் கேஸ்கெட்டையும் குழாய் சீல்களையும் ஒன்றாகவே மாற்றுங்கள். சில இன்ஜின்களில் சீல் தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் கவருடன் சேர்ந்தே வரும். பழைய கேஸ்கெட் பொருந்திய இரு முகங்களையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். அலுமினியத்தில் இரும்புச் சுரண்டி கீறல் விடும். டைமிங் கவர் ஹெட்டைச் சந்திக்கும் மூலைகளில் மட்டும், கையேடு சொன்னால், ஒரு பொட்டு சிலிக்கான் சீலன்ட் வைக்கலாம். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றுகளாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். இவை மிகக் குறைந்த இறுக்கத்துக்கு உரிய சிறு போல்ட்டுகள்; எண்ணெய் கசியுமோ என்ற பயத்தில் பலம் கொடுத்தால் மரை போய்விடும், அல்லது கவர் கோணி மறுபடியும் கசியும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் மறக்காமல் பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, புதிய சீலையும் தள்ளும்.

பல காயில்களுக்கு ரப்பர் பூட்டும் அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கின்றன. கிடைத்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஒரு காயிலை மட்டும் முழுதாக மாற்றினால் போதும். பூட்டின் வாயில் உட்புறமாக மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். புதிய பிளக்கை ஒரு துண்டு ரப்பர் குழாயில் செருகிக் கையாலேயே மரையில் ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும், மரை பிழைத்துக்கொள்ளும். டார்க் ரென்ச் இருந்தால், அலுமினிய ஹெட்டில் வாஷருள்ள 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20 என்பது பொது அளவு. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

கைவிளக்கு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது. காயில், பூட்டு, பிளக் எல்லாவற்றையும் வேறு சிலிண்டருக்கு மாற்றிவிட்டேன். பி0302 அசையாமல் அங்கேயே நிற்கிறது. பீங்கானிலும் கோடு இல்லை. அடுத்து எதைப் பார்ப்பது?

திருப்புளி:

கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, உடனே அந்தப் பிளக்கை எடுத்துப் பாருங்கள். ஹெட் சூடாக இருக்கும், கையுறை அணிந்துகொள்ளுங்கள். பிளக் நனைந்து பெட்ரோல் வாடை வீசினால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை; எலும்புபோல் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. நீண்ட திருப்புளியின் நுனியை இன்ஜெக்டரின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துக் கேளுங்கள். நல்ல இன்ஜெக்டர் ‘டிக் டிக்’ என்று கூர்மையாகத் தட்டும். இரண்டாவது மட்டும் மௌனமாக இருந்தாலோ மந்தமாகத் தட்டினாலோ, கனெக்டரைக் கழற்றி அதன் தடையை அளந்து மற்ற மூன்றுடன் ஒப்பிடுங்கள்; இன்டேக் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் வகையில் பெரும்பாலும் 11 முதல் 17 ஓம் வரை இருக்கும், நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் வகை என்றால் இந்த எண்கள் பொருந்தாது. அந்த வகையில் எரிபொருள் குழாயில் மிகுந்த அழுத்தம் இருக்கும்; அதை வீட்டில் கழற்றவே வேண்டாம்.

இன்ஜெக்டரும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் பார்க்காமல் மேலே போக முடியாது. நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, பெட்ரோல் பம்ப்பையும் காயில்களையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, அதன் முள் ஏறாமல் நிற்கும்வரை ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றவையுங்கள். பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். எண்ணைவிட, நான்கும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே பொருள் தரும். இரண்டாவது மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்தால், இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஓரிரு நிமிடம் மிஸ் ஆகிப் பிறகு சரியாகி, கூலன்ட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தாலும் அதே சந்தேகம்தான், ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

நெடுவழி:

வேலை முடிந்து எட்டு நாட்கள் ஆகின்றன. வால்வ் கவர் கேஸ்கெட், நான்கு குழாய் சீல்கள், நான்கு பூட்டுகள், மூன்றாவதற்கு ஒரு பிளக் ஆகியவற்றை மாற்றினேன்; காயில்கள் நான்கும் பழையவையே. கழற்றிய குழாய் சீலை விரலால் மடக்கியபோது அது வளையாமல், காய்ந்த சுள்ளிபோல் இரண்டாக முறிந்தது. பிசிவி வால்வைக் குலுக்கினால் ஓசை வரவில்லை. பிசுக்கு பிடித்து உறைந்திருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன்.

குறியீடு திரும்பவில்லை. என் ஸ்கேனரில் ஓபிடியின் ஆறாவது பயன்முறை இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அதில் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையும் தனித்தனியே வருகிறது. மூன்று குளிர் ஸ்டார்ட்டுகளுக்குப் பிறகும் மூன்றாவது சிலிண்டரில் பூஜ்யம். எரிபொருள் திருத்தம் 12 சதவீதத்திலிருந்து 3க்கு இறங்கிவிட்டது. கன்வர்ட்டர் தப்பித்ததா என்பது மட்டும் உறுத்துகிறது.

திருப்புளி:

கன்வர்ட்டரின் திறன் குறைந்ததைச் சொல்லும் பி0420 குறியீடு வராமலும், மேட்டில் இழுவை குறையாமலும் இருக்கும்வரை தப்பித்தது என்றே கொள்ளலாம். வண்டி முழுவதும் ஆறிய பிறகு கன்வர்ட்டரின் உடலைக் கைமுட்டியால் இரண்டு முறை தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பாளம் உடைந்திருக்கிறது. அடுத்த மாதம் மூன்றாவது காயிலை ஒரு முறை தூக்கி, டார்ச் அடித்துக் குழி உலர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நெடுவழி:

இப்போதே தட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. குழியும் உலர்ந்திருக்கிறது.